பத்தாவது முறை மட்டும் ஏன் தாமதம்?

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் மென்பொருளில் அறிக்கைப் பக்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்தால் அவருடைய ஆர்டர்கள் எல்லாம் வரும். காலையில் சர்வரைத் தொடங்கியதும் அரை நொடியில் வருகிறது. இரண்டாவது முறையும் அரை நொடி, ஐந்தாவது முறையும் அரை நொடி. பத்தாவது முறை திடீரென்று அரை நிமிடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அரை நிமிடம்தான். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, தரவும் மாறவில்லை. தரவுத்தள நிர்வாகி அதே வினவலைத் தன் திரையில் தட்டிப் பார்த்தால் அரை நொடியில் பதில் வந்துவிடுகிறது. 'எங்கள் பக்கம் கோளாறு இல்லை' என்று இரண்டு அணிகளும் சொல்கின்றன. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

ஜாவாவும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லும் சேர்ந்து வேலை செய்கிற இடங்களில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் புதிர் இது. விடையில் பாதி சர்வருக்குள் இருக்கிறது. மறுபாதி, இரண்டுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் டிரைவரில் இருக்கிறது.

ஜேடிபிசி என்ற ஏற்பாட்டை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997 பிப்ரவரியில் ஜாவா 1.1 பதிப்போடு வெளியிட்டது. ஜாவாவில் எழுதுபவர் எந்தத் தரவுத்தளத்தோடு பேசினாலும் ஒரே மாதிரியான கட்டளைகளையே எழுதலாம். ஆரக்கிளா, மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா என்பதை அந்தந்தத் தரவுத்தளத்துக்கான டிரைவர் பார்த்துக்கொள்ளும். ஆரம்பத்தில் டிரைவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஓடிபிசியின் தோளில் ஏறி நின்றது. 2014இல் வந்த ஜாவா 8 அதை எடுத்தேவிட்டது. இரண்டாம் வகைக்கு, தரவுத்தள நிறுவனம் தரும் சி மொழி நூலகம் ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் வகைக்கு நடுவில் இன்னொரு சர்வர் தேவைப்பட்டது. நிலைத்து நின்றது நான்காம் வகை. முழுக்க ஜாவாவிலேயே எழுதப்பட்ட இவ்வகை டிரைவர், தரவுத்தளத்தின் சொந்த நெறிமுறையில் வலைப்பின்னல் வழியே நேரடியாகப் பேசும்.

போஸ்ட்கிரெஸின் டிரைவரான பிஜிஜேடிபிசி இந்த நான்காம் வகையைச் சேர்ந்தது. திறந்த மூலம், ஒரே ஒரு ஜார் கோப்பு. 2017 வரை 9.4 என்று தொடங்கும் பதிப்பு எண்களோடு வந்துகொண்டிருந்தது. சர்வரின் பதிப்பு எண்ணும் டிரைவரின் பதிப்பு எண்ணும் ஒன்றுபோலத் தெரிந்ததால், '9.4 டிரைவர் 9.6 சர்வரோடு வேலை செய்யுமா?' என்று ஆட்கள் குழம்பினார்கள். அந்தக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க, 2017 பிப்ரவரியில் ஒரே தாவலாக 42.0.0 என்று வைத்துவிட்டார்கள். சர்வரின் எண் அந்தப் பக்கம் வந்துசேர வெகுகாலம் ஆகும். 42 என்ற எண்ணையே ஏன் எடுத்தார்கள் என்பதை டக்ளஸ் ஆடம்ஸின் வாசகர்கள் யூகித்துக்கொள்ளட்டும்.

டிரைவரின் வேகம் என்று எதைச் சொல்கிறோம்? கணக்குப் போடும் வேகத்தை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். டிரைவர் பெரிதாகக் கணக்கு எதுவும் போடுவதில்லை. அதன் நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே போகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தரவுத்தளத்துக்கு ஒரு நடை போய்வர, நடுவில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 10 மில்லிநொடி ஆகிவிடும். இதை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது. ஒரே தரவு மையத்துக்குள் என்றால் அரை மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன நேரமாகத்தான் தெரியும். ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் செயலி அந்த அரை மில்லிநொடிக்குள் 15 லட்சம் முறை துடித்துவிடும். 10,000 பதிவுகளை ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றுக்கும் பதிலை எதிர்பார்த்து நின்றால், காத்திருப்பு மட்டும் 5 நொடி. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 100 நொடி. ஆகவே நல்ல டிரைவர் செய்யும் வேலை, நடைகளைக் குறைப்பதும் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாமலிருப்பதும்தான்.

நடைகளைக் குறைக்க வேண்டுமானால், நிரல் அடுத்து என்ன செய்யும் என்பதை டிரைவர் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். பிஜிஜேடிபிசிக்குள் அப்படிப்பட்ட ஊகங்கள் வெறும் எண்களாக எழுதப்பட்டிருக்கின்றன: 5, 256, 250, 128, 0. புதிய வசதிகள் என்று வெளியீட்டுக் குறிப்புகளில் வருபவற்றில் பாதி, இந்த எண்களைச் சரிசெய்வதற்கோ, இவை தப்பாகப் போகிற இடங்களில் நமக்கு ஒரு திறவுகோல் தருவதற்கோ வந்தவை.

முதலில் 5. போஸ்ட்கிரெஸின் நெறிமுறையில், 2003இல் வந்த 7.4 பதிப்பு முதல், ஒரு வினவல் பல படிகளாகப் போகிறது. 'பார்ஸ்' என்ற செய்தி வினவலின் வாசகத்தைக் கொண்டுபோகும். சர்வர் அதை இலக்கணம் பார்த்து வைத்துக்கொள்ளும். 'பைண்ட்' என்ற செய்தி, வாசகத்தில் மதிப்புகளுக்காக விட்டிருக்கும் காலியிடங்களுக்கான மதிப்புகளைக் கொண்டுபோகும். 'எக்ஸிக்யூட்' நடத்தச் சொல்லும். 'சிங்க்' வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று பொருள். பார்ஸ் செய்ததற்கு ஒரு பெயர் வைத்தால் சர்வர் அதை அந்த இணைப்பு மூடப்படும்வரை மறக்காது. அடுத்த முறை பெயரையும் மதிப்புகளையும் அனுப்பினால் போதும். பெயர் வைக்காவிட்டால் அடுத்த பார்ஸ் வந்ததும் பழையது போய்விடும்.

எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் வைத்த பெயருக்கெல்லாம் சர்வரில் நினைவகம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிப் புராசஸை ஓட்டுகிறது. ஒன்று தயாரித்து வைத்ததை மற்றது பயன்படுத்த முடியாது. ஒரே ஒரு முறை மட்டும் ஓடப்போகிற வினவலுக்குப் பெயர் வைப்பது வீண். ஒரு வினவல் திரும்ப வருமா, வராதா? டிரைவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதால்தான் 5. நான்கு முறை பெயரில்லாமல் அனுப்புகிறது. ஐந்தாவது முறையும் அதே வினவல் வந்தால், இது அடிக்கடி வருகிற ஆள் என்று முடிவுகட்டிப் பெயர் வைக்கிறது. 'பிரிப்பேர் த்ரெஷோல்டு' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு இது.

ஆனால் ஐந்துவரை எண்ண வேண்டுமானால் முந்தைய நான்கும் நினைவிருக்க வேண்டுமல்லவா? நெடுங்காலம் அது இருக்கவில்லை. ஜாவா நிரலாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் நல்ல பழக்கம், வேலை முடிந்ததும், வினவலை வைத்திருக்கும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டை மூடிவிடுவது. மூடியதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வசதியால் ஒரு பயனும் கிடைக்கவில்லை என்பது வேடிக்கை. 2015இல் வந்த ஒரு பதிப்புதான் இதைத் திருத்தியது. மூடினாலும் அந்த இணைப்புக்குள் வினவலை நினைவில் வைத்திருக்க ஒரு சேமிப்பிடம் சேர்த்தார்கள். இணைப்பு ஒன்றுக்கு 256 வினவல்கள், 5 மெபிபைட். இவற்றில் எந்த எல்லை முதலில் வந்தாலும் பழையது வெளியேறும். அந்த டிரைவரின் வரலாற்றில் ஆரவாரமே இல்லாமல் வந்த மிகப்பெரிய முன்னேற்றம் இது என்பேன். நிரலில் ஒரு வரி மாற்றாமல், ஜார் கோப்பை மட்டும் மாற்றியவர்களுக்குக்கூட வேகம் கிடைத்தது.

இனி அந்தப் பத்தாவது முறைக்கு வருவோம். சர்வருக்கும் அதற்கென்று ஒரு 5 இருக்கிறது. பெயர் வைத்த வினவல் ஓடும்போது முதல் ஐந்து முறை, கொடுக்கப்பட்ட மதிப்புகளைப் பார்த்து அதற்கேற்ற தனித் திட்டத்தை சர்வர் வகுக்கும். ஆறாவது முறை, எந்த மதிப்புக்கும் பொருந்தும் பொதுத் திட்டம் ஒன்றைப் போட்டு அதன் உத்தேசச் செலவைக் கணக்கிடும். அது தனித் திட்டங்களின் சராசரிச் செலவைவிடக் குறைவாகத் தெரிந்தால், இனி ஒவ்வொரு முறையும் திட்டம் போடும் வேலை மிச்சம் என்று பொதுத் திட்டத்துக்கே மாறிவிடும். டிரைவர் பெயர் வைப்பது ஐந்தாவது முறை. அதிலிருந்து ஐந்து தனித் திட்டங்கள்: 5, 6, 7, 8, 9. பத்தாவது முறை பொதுத் திட்டம்.

நம்முடைய மொத்த வியாபாரக் கதையில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாதி ஆர்டர்கள் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளருடையவை. அவருடைய எண் கண்ணுக்குத் தெரியும்போது, 'இவருக்கு லட்சக்கணக்கில் பதிவுகள் வரும். அட்டவணைகளை முழுதாகப் படித்து ஒரே வீச்சில் இணைத்துவிடுவது நல்லது' என்று சர்வர் சரியாகத் திட்டமிடும். அதன் உத்தேசச் செலவு அதிகம். ஆனால் அது உண்மையான செலவு. பொதுத் திட்டம் போடும்போது எண் தெரியாது. சராசரி வாடிக்கையாளருக்குச் சில பதிவுகள்தானே என்று நினைத்து, இண்டெக்ஸ் வழியாக ஒவ்வொரு பதிவாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த அட்டவணைக்குப் போய்வரும் திட்டத்தை அது தேர்ந்தெடுக்கும். காகிதத்தில் அது மலிவாகத் தெரியும். மலிவாகத் தெரிவதாலேயே வெற்றிபெறும். பெரிய வாடிக்கையாளருக்கு அது லட்சக்கணக்கான தனித்தனித் தேடல்கள். அரை நொடி அரை நிமிடமானது இப்படித்தான். நிர்வாகியின் திரையில் எண் வினவலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால், அங்கே எப்போதும் தனித் திட்டம்.

கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் தொகுப்பு) இருந்தால் புதிர் இன்னும் சிக்கலாகும். எண்ணிக்கை ஒவ்வோர் இணைப்புக்கும் தனி என்பதால், பூலில் உள்ள பத்து இணைப்புகளும் வெவ்வேறு நேரத்தில் தத்தம் பத்தாவது முறையை அடையும். பார்ப்பவருக்குச் சில சமயம் வேகம், சில சமயம் தாமதம், எந்த ஒழுங்கும் இல்லை என்று தோன்றும். 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 இதற்கு ஒரு கடிவாளம் தந்தது: 'பிளான் கேஷ் மோடு' என்ற அமைப்பைக் கொண்டு எப்போதும் தனித் திட்டமே போடச் சொல்லலாம். டிரைவர் பக்கத்தில் 5க்குப் பதில் 0 என்று வைத்தால் பெயர் வைப்பதே நின்றுபோகும். ஆனால் அது எல்லா வினவல்களையும் பாதிக்கும் முரட்டு வைத்தியம். நான் சர்வர் பக்கத்துத் தீர்வையே விரும்புவேன்.

பெயர் வைப்பதால் வரும் தொல்லைகள் இன்னும் உண்டு. அட்டவணையில் உள்ள எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் வினவல் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கும்போது, யாராவது அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்த்தால், சேமித்த திட்டத்தின் முடிவு வடிவம் மாறக்கூடாது என்ற பிழையோடு அந்த வினவல் நின்றுவிடும். 'ஆட்டோசேவ்' என்ற அமைப்பு இந்த இடத்தில் உதவும். அதேபோல, பிஜிபவுன்சர் என்ற இடைநிலைப் பூலை பரிவர்த்தனை வாரியாகப் பயன்படுத்தினால், பெயர் வைத்தது ஒரு சர்வர் இணைப்பில், கேட்பது வேறொன்றில் என்றாகி, 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று பதில் வரும். பல ஆண்டுகள் இதற்கு 0 என்று வைப்பதுதான் வழியாக இருந்தது. 2023 அக்டோபரில் வந்த பிஜிபவுன்சர் 1.21 பெயர்களைத் தானே நினைவில் வைத்து மாற்றிக்கொடுக்கக் கற்றுக்கொண்டது.

அடுத்து எழுதும் வேலை. ஜேடிபிசியில் பல பதிவுகளைச் சேர்த்து ஒரே பேட்ச்சாக அனுப்பலாம். டிரைவர் ஒவ்வொரு பதிவுக்கும் பைண்ட், எக்ஸிக்யூட் என்று வரிசையாக அனுப்பிக்கொண்டே போகும், பதிலுக்கு நிற்காது. நடை மிச்சம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. சர்வர் ஒவ்வொன்றையும் முடித்ததும் பதில் எழுதுகிறது. டிரைவர் இன்னும் அனுப்புவதிலேயே மும்முரமாக இருப்பதால் அந்தப் பதில்களைப் படிக்கவில்லை. பதில்கள் இடைத்தாங்கியில் நிரம்பி வழிய, சர்வர் எழுத இடமின்றி நின்றுவிடும். நின்ற சர்வர் வருகிற வினவல்களைப் படிக்காது. அந்தப் பக்கத்து இடைத்தாங்கியும் நிரம்ப, டிரைவரும் அனுப்ப முடியாமல் நிற்கும். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்து ஒருவர்கூடக் காது கொடுக்காத குழாயடிச் சண்டை மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே இரண்டு பேரும் வாயடைத்து, சாகும்வரை அப்படியே நின்றுவிடுவார்கள்.

இதைத் தவிர்க்க டிரைவர் ஓர் உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு வினவலுக்கு வரும் பதில் 250 பைட். இடைத்தாங்கியில் 64,000 பைட் கொள்ளும். வகுத்தால் 256. அத்தனை வினவல்கள் அனுப்பியதும் ஒரு சிங்க் அனுப்பி, வந்த பதில்களையெல்லாம் படித்துவிட்டு மறுபடி தொடங்கும். ஒரு சாதாரணச் சேர்ப்புக்கு வரும் பதிலைக் கூட்டிப் பார்த்தால் 30 பைட்டைத் தாண்டாது. 250 என்பது வேண்டுமென்றே அதிகமாக வைத்த ஊகம். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, உறைந்துபோகக் கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. இந்த விளக்கம் முழுவதையும் டிரைவரின் மூல நிரலுக்குள் குறிப்பாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆவணத்தைவிடப் படிக்கச் சுவையானது.

2016இல் இதற்கு மேலும் ஒரு படி போனார்கள். 'ரீரைட் பேட்ச்டு இன்செர்ட்ஸ்' என்ற அமைப்பை இயக்கினால், தனித்தனிச் சேர்ப்புகளை டிரைவர் தானே திருத்தி, பல பதிவுகளை ஒரே கட்டளையில் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றிவிடும். சர்வருக்கு ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் நிரந்தரச் செலவு குறைகிறது. 2 முதல் 3 மடங்கு வேகம் கிடைக்கலாம் என்கிறது ஆவணம். இதில் என்னைக் கவர்ந்தது அது பதிவுகளைப் பிரிக்கும் விதம். 1000 பதிவுகள் இருந்தால் 1000 பதிவுகள் கொண்ட ஒரே கட்டளையாக ஆக்குவதில்லை. ஏழு முறை 128, பிறகு 64, 32, 8 என்று உடைக்கிறது. எல்லாம் இரண்டின் அடுக்குகள், உச்சம் 128. ஏன்? பேட்ச்சின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். 997, 1000, 1013 என்று ஒவ்வோர் அளவுக்கும் ஒரு புதிய கட்டளை வடிவம் என்றால், எதுவும் ஐந்து முறை திரும்ப வராது. பெயர் வைக்கவும் முடியாது. 256 இடங்கள் கொண்ட சேமிப்பிடம் குப்பையால் நிரம்பிவிடும். இரண்டின் அடுக்குகள் என்றால் 1 முதல் 128 வரை மொத்தமே எட்டு வடிவங்கள்தான். எந்த எண்ணிக்கையையும் அந்த எட்டை வைத்துக் கட்டிவிடலாம். ஒரு வசதி இன்னொரு வசதியின் காலை மிதிக்காமல் நடப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் அதை இயல்பாகவே இயக்கிவைக்கவில்லை? ஒரு பேட்ச் முடிந்ததும் ஒவ்வொரு கட்டளையும் எத்தனை பதிவுகளை மாற்றியது என்று ஜேடிபிசி சொல்ல வேண்டும். 128ஐ ஒன்றாகக் கட்டியபின் தனித்தனிக் கணக்கு கிடைக்காது. 'வெற்றி, எண்ணிக்கை தெரியாது' என்ற பதில்தான் வரும். அந்த எண்ணிக்கையை நம்பி எழுதிய நிரல்கள் உடையும். காலியிடங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. பைண்ட் செய்தியில் அவற்றின் எண்ணிக்கையைச் சொல்ல 16 பிட் மட்டுமே இருக்கிறது. டிரைவர் அதைக் குறியுடைய எண்ணாகக் கருதியதால் 32,767தான் உச்சமாக இருந்தது. 2022இல்தான் 65,535 ஆனது. லட்சக்கணக்கில் பதிவுகள் ஏற்ற வேண்டியவர்கள் பேட்ச்சோடு மல்லுக்கட்டாமல் போஸ்ட்கிரெஸின் 'காப்பி' வசதியையே பயன்படுத்தலாம். டிரைவர் அதற்கென்று தனி வழி வைத்திருக்கிறது.

படிக்கும் பக்கத்தில் ஊகம் 0. ஒரே தடவையில் எத்தனை பதிவுகளை எடுத்துவருவது என்பதற்கான இயல்பு மதிப்பு அது. 0 என்றால் அத்தனையும். ஒரு கோடி பதிவுகள், ஒவ்வொன்றும் 200 பைட் என்றால் 2 கிகாபைட். நிரல் முதல் பதிவைத் தொடுவதற்கு முன்பே அது முழுவதும் நினைவகத்துக்குள் வந்து இறங்கும். ஆரக்கிளின் டிரைவர் இதற்கு நேர் எதிராக 10 பதிவுகள் மட்டும் எடுத்துவரும்; அங்கே நடைகள் பெருகும். மைஎஸ்க்யூஎல் டிரைவரும் எல்லாவற்றையும் எடுத்துவரும் கட்சி. அதை ஒவ்வொரு பதிவாகத் தரச் சொல்ல வேண்டுமானால் அளவாக −2,14,74,83,648 என்று கொடுக்க வேண்டும். இப்படி ஒரு மந்திர எண்ணை யார் நினைத்துப் பார்த்தார்களோ! போஸ்ட்கிரெஸில் அளவைக் கொடுத்தால் மட்டும் போதாது; தானியங்கி கமிட்டையும் அணைக்க வேண்டும். பாதியில் நிற்கும் முடிவைப் பரிவர்த்தனை முடிந்ததும் சர்வர் தூக்கி எறிந்துவிடும் என்பதே காரணம். இது தெரியாமல் அளவை மட்டும் கொடுத்துவிட்டு நினைவகம் தீர்ந்துபோகிறதே என்று முழிப்பவர்கள் ஏராளம். டிரைவர் எந்த எச்சரிக்கையும் தராது. 'அடாப்டிவ் ஃபெட்ச்' என்ற பிந்தைய வசதியில் பதிவுகளின் எண்ணிக்கைக்குப் பதில் நினைவக எல்லையைக் கொடுத்தால், இதுவரை வந்ததிலேயே பெரிய பதிவின் அளவைக்கொண்டு அடுத்த தவணையை டிரைவரே கணக்கிட்டுக்கொள்ளும்.

வரும் தரவின் வடிவத்திலும் மிச்சம் பிடிக்கலாம். போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் எழுத்துகளாக அனுப்பும். விரும்பினால் இருமக் குறியீடாகவும் அனுப்பும். நேர முத்திரை ஒன்று எழுத்தில் 26 பைட் பிடிக்கலாம். இருமத்தில் 2000 ஜனவரி 1 முதல் கழிந்த மைக்ரோநொடிகளாக 8 பைட்டில் அடங்கும். படம் போன்ற மூலத் தரவு எழுத்து வடிவில் வந்தால் இரு மடங்காக வீங்கும். சின்ன எண்களுக்கு இது பொருந்தாது: 7 என்பது எழுத்தில் ஒரு பைட், இருமத்தில் நான்கு. அங்கே லாபம் எழுத்தை எண்ணாக மாற்றும் வேலை இல்லாததில். இந்த இரும வழியும் பெயர் வைத்த வினவல்களுக்குத்தான் கிடைக்கிறது. மறுபடியும் அந்த ஐந்தாவது முறை.

அண்மைக் காலத்தின் பெரிய மாற்றம் வெளியிலிருந்து வந்தது. ஜேடிபிசி அடிப்படையிலேயே காத்திருக்கும் வடிவம். பதில் வரும்வரை கேட்ட த்ரெட் நிற்கும். காத்திராமல் பேசும் புதிய ஏற்பாட்டை ஏடிபிஏ என்ற பெயரில் ஆரக்கிள் உருவாக்கிக்கொண்டிருந்தது. 2019இல் அதைக் கைவிட்டார்கள். ஜாவாவின் த்ரெட்டையே மலிவாக்கிவிட்டால் காத்திருப்பதில் நட்டமில்லை என்பது அவர்கள் கணக்கு. அந்த மலிவான மெய்நிகர் த்ரெட்கள் 2023 செப்டம்பரில் ஜாவா 21இல் முழுமையாக வந்தன. ஆனால் ஒரு சிக்கல். 'சிங்க்ரனைஸ்டு' என்று பூட்டப்பட்ட பகுதிக்குள் ஒரு மெய்நிகர் த்ரெட் காத்திருந்தால், அதைச் சுமக்கும் உண்மையான த்ரெட்டும் கூடவே கட்டுண்டு நின்றுவிடும். டிரைவரோ அத்தகைய பூட்டுகளால் நிறைந்திருந்தது. 2023 மார்ச்சில் வந்த 42.6.0 அவற்றை 'ரீஎன்ட்ரன்ட் லாக்' என்ற வேறு வகைப் பூட்டுகளாக மாற்றியது. 2025 மார்ச்சில் ஜாவா 24 அந்தக் குறையைத் தானே நிவர்த்தி செய்துவிட்டது. இதைக் கேட்டு லட்சம் த்ரெட்களை ஓடவிட்டால் தரவுத்தளம் வேகமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிக்கும் இணைப்புகள் 100தான். மீதிப் பேர் பூலின் வாசலில்தான் வரிசையில் நிற்பார்கள்.

வேகத்தைத் துரத்தியதில் பாதுகாப்பு இடறியதும் உண்டு. பைண்ட் முதலிய படிகளையெல்லாம் தவிர்த்து, மதிப்புகளை வாசகத்துக்குள்ளேயே செருகி ஒரே செய்தியாக அனுப்பும் எளிய முறை ஒன்று டிரைவரில் இருக்கிறது. இயல்பில் அணைந்திருக்கும், சில இடைநிலைக் கருவிகளுக்காகச் சிலர் இயக்குவார்கள். ஒரு வினவலில் 'தொகை = -? மற்றும் பெயர் = ?' என்று இருப்பதாகக் கொள்வோம். முதல் காலியிடத்தில் −1 வந்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே இருக்கும் கழித்தல் குறியோடு ஒட்டி '--1' ஆகும். எஸ்க்யூஎல்லில் இரண்டு கோடுகள் குறிப்புரையின் தொடக்கம். அந்த வரியின் மிச்சம் முழுவதும் மறைந்துவிடும். இரண்டாவது மதிப்பில் ஒரு புதுவரி எழுத்தை வைத்தால், அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மேற்கோள் குறிக்கு வெளியே உண்மையான கட்டளையாக உயிர்பெறும். காலியிடங்களைப் பயன்படுத்தினால் எஸ்க்யூஎல் ஊடுருவல் நடக்காது என்று பாடம் படித்தவர்களையே இது தாக்கியது. 2024 பிப்ரவரியில் 42.7.2 பதிப்பில் திருத்தினார்கள். இப்போது மதிப்பு அடைப்புக்குறிக்குள் போகிறது.

பதிப்பை உயர்த்தாமல் விட்டவர்கள் வேறொரு வழியிலும் பட்டார்கள். போஸ்ட்கிரெஸ் 10 ஸ்க்ராம் என்ற வலுவான கடவுச்சொல் முறையைக் கொண்டுவந்தது. டிரைவர் அதை 2018 ஜனவரியில் 42.2.0இல் கற்றுக்கொண்டது. 2021இல் போஸ்ட்கிரெஸ் 14 அதையே இயல்பாக்கியதும், பழைய ஜார் கோப்போடு ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்கள் 'அங்கீகார வகை 10க்கு ஆதரவில்லை' என்று சொல்லி நின்றன. கடவுச்சொல் தப்போ என்று தேடியவர்களுக்கு அந்த 10 எதையும் விளக்கவில்லை.

வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தொடாத இன்னொரு எண்ணும் 0தான். 'சாக்கெட் டைம்அவுட்' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0; எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று பொருள். நடுவிலுள்ள ஃபயர்வால் ஒன்று ஓய்ந்திருந்த இணைப்பைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டால், டிரைவர் வராத பதிலுக்காக மணிக்கணக்கில் நிற்கும். வினவலுக்குக் கால எல்லை வைப்பது வேறு விஷயம். எல்லை கடந்ததும் டிரைவர் அதை ரத்துசெய்ய வேண்டும். ஆனால் அந்த இணைப்போ பதிலுக்காக அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே ரத்துக்கென்று புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து, தொடக்கத்தில் சர்வர் தந்த 4 பைட் ரகசியச் சாவியைக் காட்டி, 'அந்தப் புராசஸை நிறுத்து' என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது. அதற்கு சர்வர் பதில் சொல்லாது. 4 பைட் இந்தக் காலத்துக்குச் சின்னச் சாவி. 2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18, 2003க்குப் பிறகு முதல்முறையாக நெறிமுறையின் எண்ணை 3.2 என்று உயர்த்தியதற்கு அந்தச் சாவியை நீளமாக்கியதும் ஒரு காரணம். வலைப்பின்னலே அறுந்துவிட்டால் இந்த ரத்தும் போய்ச்சேராது. அதற்குத்தான் சாக்கெட் டைம்அவுட் வேண்டும். உங்கள் மென்பொருளில் மிக நீளமாக ஓடும் வினவல் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடச் சற்று அதிகமாக அதை வைத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் அறிக்கையையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.